வெட்டினால் வளரும் வடு

நம் பள்ளியில் இரட்டைச் சடை போட்டு, மடித்து ரிப்பன் கட்டி வரவேண்டும் என்பது விதி. அந்த விதியை நாள் தவறாமல் மீறி வந்தாள் ஒரு மாணவி. சடை போட்டிருப்பாள், ஆனால் வலப்பக்கத்து முடியை மட்டும் தளர்த்திக் காதின்மேல் இழுத்து விட்டிருப்பாள். காலை வழிபாட்டின்போது இருமுறை கண்டித்தேன். மூன்றாம் முறை தனியே அழைத்துக் கேட்டபோது, பதில் ஏதும் சொல்லாமல் முடியை விலக்கிக் காட்டினாள். கம்மல் துளைக்குச் சற்று மேலே, காதின் பின்பக்கம், நெல்லிக்காய் அளவில் பளபளப்பான ஒரு கட்டி இருந்தது.

“டீச்சர், இதை ஏற்கெனவே ஒருமுறை வெட்டியாச்சு. வெட்டின பிறகுதான் இவ்வளவு பெரிசாச்சு” என்றாள். சொல்லி முடிக்குமுன் அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

நடந்தது இதுதான். ஒன்பதாம் வகுப்பு விடுமுறையில், தோழிகளோடு சேர்ந்து ஒரு கடையில் காதில் இரண்டாவது துளை போட்டுக்கொண்டாள். துளை ஆறியது. நான்கு மாதம் கழித்து அவ்விடத்தில் அரிப்பு எடுத்தது. பிறகு ஒரு பரு போலத் தடித்தது. பிறகு கொண்டைக்கடலை அளவாயிற்று. பெற்றோர் ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். அவர் அதை வெட்டித் தையல் போட்டு அனுப்பிவிட்டார். “இனி ஒன்றும் இல்லை” என்று எல்லாரும் நிம்மதியடைந்தனர். ஆனால் ஆறாவது மாதம் அது திரும்பி வந்தது, முன்னிலும் பெரிதாக. பாட்டி கண்ணேறு என்றார், பக்கத்து வீட்டார் கெட்ட இரத்தம் என்றனர், தாயோ, “நாளைக்கு இந்தப் பெண்ணை யார் கட்டுவார்?” என்று அழுதார்.

“வெட்டி எடுத்த ஒன்று ஏன் டீச்சர் திரும்ப வளருது?” என்று அந்த மாணவி கேட்ட கேள்விக்கு அன்று என்னால் முழுமையாக விடை சொல்ல முடியவில்லை. பின்னர் தோல்நோய் மருத்துவர்களிடம் கேட்டும், நூல்களைப் படித்தும் நான் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். காது குத்தாத பெண் நம்மிடையே அரிது. ஆகவே இது நம் ஒவ்வொருவருக்கும் பயன்படும் செய்தி.

புண் ஆறும் விதம்

தோலில் காயம் பட்டவுடன் உடல் என்ன செய்கிறது என்பதை முதலில் நோக்குவோம். முதலில் இரத்தம் உறைந்து வாயை அடைக்கிறது. அடுத்து வெள்ளையணுக்கள் அவ்விடத்துக்கு விரைந்து, கிருமிகளையும் இறந்த திசுக்களையும் அகற்றுகின்றன. அதன்பின் நாரணுக்கள் எனப்படும் செல்கள் வேலையில் இறங்குகின்றன. இவை கொல்லாஜன் என்னும் புரத நார்களை நெய்து, பிளந்த இடத்தை இணைக்கின்றன. கடைசியாக, அவசரமாகப் போட்ட அந்த நார்களைச் சீர்செய்யும் பணி நடைபெறுகிறது. வேண்டாத நார் கரைக்கப்படுகிறது. வேண்டிய நார் ஒழுங்குபடுத்தப்படுகிறது. இந்தக் கடைசிக் கட்டம் பல மாதங்கள், சில சமயம் ஓராண்டுக்கு மேலும் நீடிக்கும். புதிதில் சிவந்து தடித்திருக்கும் தழும்பு நாளடைவில் வெளுத்துத் தட்டையாவது இதனால்தான்.

வீடு கட்டும் கொத்தனார்களைப் போன்றவை இந்த நாரணுக்கள். சுவர் எழும்பியதும் “போதும்” என்று மேஸ்திரி சொன்னால் கொத்தனார்கள் இறங்கிவிடுவார்கள். சிலருடைய தோலில் அந்த “போதும்” என்ற கட்டளை சரியாகப் போய்ச் சேர்வதில்லை. நாரணுக்கள் நெய்துகொண்டே இருக்கின்றன. கரைப்பது குறைவு, சேர்ப்பது அதிகம் என்றாகிறது. தடித்த கொல்லாஜன் கட்டுகள் குவிந்து, காயத்தின் எல்லையைத் தாண்டி நல்ல தோலின் மேலும் படர்கின்றன. இதுவே கீலாய்டு.

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு விடை தெளிவாகும். கத்தியால் வெட்டுவதும் ஒரு காயமே. முதலில் ஏற்பட்டது ஊசி முனையளவுக் காயம். அதற்கே அளவு மீறி நார் நெய்த தோல், அதைவிடப் பெரிய வெட்டுக் காயத்துக்கு என்ன செய்யும்? இன்னும் அதிகமாக நெய்யும். வேறு எந்தச் சிகிச்சையும் சேர்க்காமல் வெட்டி மட்டும் எடுத்தால், நூற்றுக்கு 45 முதல் 100 வரை திரும்பி வருவதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. நாம் மனத்தில் பதிக்க வேண்டிய முதல் உண்மை இதுவே.

நண்டின் கொடுக்கு

இந்நோயை விளக்கி எழுதியவர்களுள் முதன்மையானவர் ழான் லூயி அலிபேர் என்ற பிரெஞ்சு மருத்துவர். பாரிஸ் நகரத்துப் புனித லூயி மருத்துவமனையில் தோல்நோய்களை ஆராய்ந்த இவர், 1806-ஆம் ஆண்டில் இதனை வருணித்தார். தொடக்கத்தில் புற்றுநோயைக் குறிக்கும் சொல்லை ஒட்டியே இதற்குப் பெயர் வைத்தார். பின்னர் இது புற்றுநோய் அன்று என்று கண்டு, அந்தக் குழப்பம் நேராதபடி பெயரை மாற்றினார். நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்ததே கீலாய்டு என்னும் பெயர். நடுவே மேடாகவும், ஓரங்களில் கொடுக்கு நீட்டியது போலவும் இது பரவுவதை மார்பில் வரும் கீலாய்டில் நன்கு காணலாம்.

தடித்த தழும்பெல்லாம் கீலாய்டு அன்று. தீக்காயம், அறுவைக் காயம் ஆகியவற்றின்மேல் தடித்துச் சிவந்து எழும் மற்றொரு வகைத் தழும்பும் உண்டு. அது காயத்தின் எல்லைக்குள்ளேயே நிற்கும். சில வாரங்களில் தோன்றும். ஓரிரு ஆண்டுகளில் தானாகவே ஓரளவு தணியும். கீலாய்டோ எல்லையைத் தாண்டும். மூன்று மாதம் கழித்தும் தோன்றலாம், ஓராண்டு கழித்தும் தோன்றலாம். தானாகத் தணிவது அரிது. இரண்டுக்கும் சிகிச்சை முறையும் பலனும் வேறுபடுவதால், இன்னது என்று மருத்துவர் பார்த்துச் சொல்வது அவசியம்.

யாருக்கு வரும்? எங்கே வரும்?

எந்த நிறத்தவருக்கும் இது வரலாம். எனினும் வெள்ளைத் தோலினரைவிட, கறுப்பு, மாநிறத் தோலினருக்கே மிகுதியாக வருகிறது. ஆப்பிரிக்க மக்களும், நம்மைப் போன்ற ஆசிய மக்களும் இதில் அடங்குவர். வயதில், 10 முதல் 30 வரை உள்ள பருவமே இதற்கு மிகவும் இடம் கொடுப்பது. பள்ளி, கல்லூரிப் பருவம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது. பெற்றோருக்கோ, உடன்பிறந்தோருக்கோ இருந்தால் நமக்கும் வர வாய்ப்பு அதிகம்.

இடத்தில், காது, நடுமார்பு, தோள், மேற்கை, மேல்முதுகு, தாடை ஆகியவை முக்கியமானவை. உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமை ஆகியவற்றில் இது வருவது மிக அரிது. காரணமோ பலவாகலாம். காது குத்துதல், அம்மை வடு, முகப்பரு, தீப்புண், அறுவைத் தழும்பு, பூச்சிக்கடி எதுவும் போதும். குழந்தைக்கு இடத் தோளருகே போடும் பி.சி.ஜி. தடுப்பூசி இருந்த இடத்திலும் சிலருக்கு வருவதுண்டு. அதற்காகத் தடுப்பூசியை வெறுத்துவிடக் கூடாது. காசநோயின் கொடிய வடிவங்களிலிருந்து பச்சிளங் குழந்தைகளைக் காப்பது அந்த ஊசி.

அரிப்பு, எரிச்சல், குத்துவலி, தோலை இழுப்பது போன்ற உணர்வு ஆகியவை இதனோடு சேர்ந்து வரும். இரவில் அரிப்பினால் உறக்கம் கெடுவோர் உண்டு. “அழகுக்காகத்தானே கவலைப்படுகிறாள்” என்று பெரியவர்கள் இதனை ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். இது புற்றுநோய் அன்று. தொற்றுநோயும் அன்று, பக்கத்தில் அமர்ந்தாலோ, ஒரே சீப்பைப் பயன்படுத்தினாலோ பரவாது. கெட்ட இரத்தமும் அன்று, கண்ணேறும் அன்று, யாரோ செய்த பாவத்தின் பலனும் அன்று. புண்ணை ஆற்றும் நல்ல வேலையை உடல் அளவு மீறிச் செய்வதால் வரும் துன்பம், அவ்வளவே.

சிகிச்சை முறைகள்

கீலாய்டுக்கு ஒரே மருந்து, ஒரே நாளில் தீர்வு என்பது கிடையாது. பல முறைகள் உள்ளன. இடம், அளவு, வயது, செலவு ஆகியவற்றைப் பார்த்து, பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று முறைகளை இணைத்தே மருத்துவர்கள் கையாளுகின்றனர். அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

1. சிலிக்கோன் தாளும் களிம்பும்: மெல்லிய, ஒட்டக்கூடிய சிலிக்கோன் தாளைத் தழும்பின்மேல் நாள்தோறும் 12 மணி நேரத்துக்குக் குறையாமல் ஒட்டி வைப்பது ஒரு முறை. தீக்காயத் தழும்புகளுக்கு இது பயன்படுவதை 1980-களின் தொடக்கத்தில் மருத்துவர்கள் எடுத்துரைத்தனர். தோலின் ஈரம் ஆவியாகிப் போகாமல் காப்பதே இதன் வேலை என்று கருதப்படுகிறது. வலி இல்லை; பெரிய தீங்கும் இல்லை. வியர்க்கும் நம் ஊரில் தாளின் அடியில் வேர்க்குரு வரக்கூடும். ஆகவே தினமும் கழுவி உலர்த்தி ஒட்ட வேண்டும். தாள் நிற்காத இடத்துக்குக் களிம்பு வடிவிலும் கிடைக்கிறது. வளர்ந்துவிட்ட பெரிய கீலாய்டை இதனால் மட்டும் கரைக்க இயலாது. புதிய தழும்பு தடிக்காமல் தடுக்கவும், மற்றச் சிகிச்சைகளுக்குத் துணையாகவுமே இது சிறந்தது. இரண்டு மூன்று மாதங்களாவது விடாமல் செய்ய வேண்டும்.

2. அழுத்தம்: இடைவிடாத அழுத்தம் கொடுத்தால் தழும்புக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைந்து, நார் நெய்வது மட்டுப்படுகிறது. தீக்காயம் பட்டோருக்கு இறுக்கமான உடை அணிவிப்பது இதன் பொருட்டே. காதுக்கோ, கம்மல் போன்ற அமைப்பில் இருபக்கமும் அழுத்தும் கிளிப்புகள் இருக்கின்றன. கட்டியை வெட்டி எடுத்த பின் அது திரும்பாமல் தடுக்க இவை பெரிதும் உதவுகின்றன. நாளின் பெரும்பகுதியும், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையும் அணிய வேண்டும் என்பதால் பொறுமை வேண்டும். துணி காயப்போடும் கிளிப்பை மாட்டிக்கொள்ளும் விபரீதம் வேண்டாம். அழுத்தம் அளவு மீறினால் தோல் இறந்து புண்ணாகிவிடும்.

3. கட்டிக்குள் போடும் ஊசி: உலகெங்கும் மிகுதியாகக் கையாளப்படும் முறை இதுவே. ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கட்டியின் உள்ளேயே செலுத்துவர். 1960-களிலிருந்து இது வழக்கத்தில் உள்ளது. நாரணுக்களின் வேகத்தை இது தணிக்கிறது. சேர்ந்த நாரைக் கரைக்கவும் துணைசெய்கிறது. மூன்று முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறையாகப் பல ஊசிகள் தேவைப்படும். அரிப்பும் வலியும் பெரும்பாலும் முதலிலேயே குறைந்துவிடுகின்றன. கட்டி மெல்ல மெல்லத் தாழ்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். கட்டி கடினமானது, ஆகவே ஊசி வலிக்கும். மரத்துப்போகும் மருந்தை முன்னதாகவோ கலந்தோ கொடுத்தால் வலி குறையும். மருந்து சுற்றுத் தோலில் இறங்கினால் தோல் மெலிந்து பள்ளமாகலாம்; நிறம் வெளுக்கலாம்; மெல்லிய இரத்தக் குழாய்கள் வெளித் தெரியலாம். சில பெண்களுக்கு மாதவிலக்கு நாள் சற்று முன்பின் ஆகலாம். அஞ்ச வேண்டாம், ஆனால் மருத்துவரிடம் சொல்லவேண்டும். ஊசியை நிறுத்திய பின் மீண்டும் வளர்வோரும் உண்டு. ஸ்டீராய்டு மட்டும் போதாதபோது, புற்றுநோய்க்குத் தரும் 5-ஃப்ளூரோயுராசில் என்ற மருந்தை மிகச் சிறிய அளவில் அதனோடு கலந்து போடுவதும் இன்று வழக்கில் உள்ளது. மருந்தின் பெயரைக் கேட்டு, “அப்படியானால் எனக்குப் புற்றுநோயா?” என்று நடுங்க வேண்டியதில்லை. வேகமாகப் பெருகும் செல்களை அடக்குவது அதன் இயல்பு. அந்த இயல்பே இங்கும் பயன்படுகிறது. கருவுற்ற பெண்களுக்கு இதைத் தருவதில்லை.

4. உறைய வைத்தல்: திரவ நைட்ரஜனின் குளிர் நிலை பூச்சியத்துக்குக் கீழே 196 டிகிரி. இதனைக் கட்டியின்மேல் தெளித்தோ, ஊசி வழியே கட்டியினுள் செலுத்தியோ உறைய வைத்தால், அந்தத் திசு இறந்து உதிர்கிறது. சிறிய கட்டிகளுக்கு ஏற்றது. கொப்புளமும் வலியும் உண்டாகும். நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கு அவ்விடம் வெள்ளையாகிவிடும் அபாயம் இருப்பதால், முகம் போன்ற இடங்களில் யோசித்தே செய்ய வேண்டும்.

5. அறுவைச் சிகிச்சை: வெட்டுதல் என்பதே தவறு என்று எண்ணிவிடாதீர்கள், வெட்டி அப்படியே விடுவதுதான் தவறு. காதில் தொங்கும் பெரிய கட்டியை ஊசியால் மட்டும் கரைப்பது கடினம். அதை வெட்டி எடுத்து, தோலை இழுக்காமல் தைத்து, உடனே ஸ்டீராய்டு ஊசியைத் தொடங்கி, புண் ஆறியதும் அழுத்தக் கிளிப்பும் அணிந்தால் நல்ல பலன் கிடைக்கிறது. ஆகவே அறுவைக்கு நாள் குறிக்கும்போதே, அதற்குப் பின் வரும் மாதங்களில் என்னென்ன செய்வது என்பதும் முடிவாகியிருக்க வேண்டும்.

6. கதிர்வீச்சு: 1906-ஆம் ஆண்டிலேயே பிரான்சில் கீலாய்டுக்கு எக்ஸ் கதிர்களைப் பயன்படுத்தினர். இன்று, அறுவை முடிந்த ஓரிரு நாட்களுக்குள், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள், கணக்கிட்ட சிறிய அளவில் சில தவணைகளாகக் கொடுக்கின்றனர். வேறு எதற்கும் அடங்காத கட்டிகளுக்கு இது கடைசி அஸ்திரம் போன்றது. இவ்வாறு செய்தால் திரும்பி வருவது ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு என்ற அளவுக்குக் குறைகிறது. எனினும் வளரும் பிள்ளைகளுக்கும், கழுத்துச் சுரப்பி, மார்பகம் ஆகியவற்றின் அருகிலும் இதனை மிகவும் தயங்கியே கையாளுவர். கருவுற்றோருக்குக் கொடுக்கவே கூடாது.

7. லேசர்: இரத்தக் குழாய்களைக் குறிவைக்கும் சாய லேசர் முறை, தழும்பின் சிவப்பையும் அரிப்பையும் குறைக்கிறது. வேறு வகை லேசரால் கட்டியில் நுண்துளைகள் இட்டு, அதன் வழியே மருந்தைச் செலுத்துவதும் உண்டு. லேசரை மட்டும் தனியே நம்பினால் கட்டி திரும்பிவிடுவது சகஜம். ஊசியோடு சேரும்போதே பலன் கூடுகிறது. செலவும் மிகுதி. “ஒரே அமர்வில் மாயமாய் மறைந்துவிடும்” என்று எவரேனும் விளம்பரம் செய்தால் நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

கைமருத்துவம் பற்றி ஒரு சொல்

கட்டியின்மேல் சுண்ணாம்பு தடவுவது, நூலால் இறுகக் கட்டி அறுந்து விழச் செய்வது, பிளேடால் சீவுவது, மருவுக்குப் போடும் அமில மருந்தை வைப்பது ஆகிய பழக்கங்களை இன்றும் கேள்விப்படுகிறோம். இவை யாவும் தோலைப் புண்ணாக்கும் செயல்கள். புண் பட்டால் கீலாய்டு வளரும் என்பதை மேலே கண்டோம். ஆதலால் இவை எரியும் நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதற்கு ஒப்பாகும். வைட்டமின் ஈ எண்ணெயைத் தடவினால் தழும்பு மறையும் என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. அதற்குத் தக்க சான்று இல்லை. சிலருக்குத் தோல் ஒவ்வாமையையே உண்டாக்குகிறது. மருந்துக் கடையில் தாமாகவே ஸ்டீராய்டு களிம்பு வாங்கிப் பூசுவதும் தவறு. கட்டி கரையாது, சுற்றியுள்ள நல்ல தோல்தான் மெலியும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

மருத்துவர் முன் வாய் திறவாமல் இருப்பது நம் பெண்களின் வழக்கம். அது நன்றன்று. சிகிச்சை தொடங்குமுன் பணிவாக இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: இது கீலாய்டுதானா, அல்லது தானே தணியும் தடித்த தழும்பா? எத்தனை முறை வர வேண்டும்? வெட்டுவதானால், திரும்ப வளராமல் இருக்க அதன்பின் என்ன செய்வீர்கள்? தோலின் நிறம் மாறுமா? மொத்தச் செலவு எவ்வளவு ஆகும்? இவற்றுக்குப் பொறுமையாக விடை சொல்லும் மருத்துவரே நமக்கு ஏற்றவர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல்நோய்ப் பிரிவு உண்டு. பணம் இல்லையே என்று எவரும் மறைத்து வைத்து வருந்த வேண்டாம்.

சிகிச்சையைப் பாதியில் விடுவதே தோல்விக்குப் பெரிய காரணம். இரண்டு ஊசியில் கட்டி பாதியாகக் குறைந்ததும், “போதும், பரீட்சை வருகிறது” என்று நிறுத்திவிடுகிறோம். அது அங்கிருந்து மீண்டும் கிளம்புகிறது. தட்டையான பின்னரும் ஓரிரு ஆண்டுகள் அவ்வப்போது காட்டிவர வேண்டும். மீண்டும் அரிப்பு எடுப்பதே அது வளரத் தொடங்குவதன் முதல் அறிகுறி. அப்போதே சென்றால் ஓர் ஊசியோடு முடியலாம்.

வருமுன் காத்தல்

குழந்தைப் பருவத்தில் தாய்மாமன் மடியில் அமர்த்திக் காது குத்துவது நம் வழக்கம். திருத்தலங்களுக்கு நேர்ந்துகொண்டு அங்கே சென்று குத்துவோரும் உண்டு. இவ்வழக்கத்தில் ஒரு நன்மை இருப்பதை மருத்துவ ஆய்வும் காட்டியிருக்கிறது. 2005-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான சிறிய ஆய்வின்படி, 11 வயதுக்கு முன் காது குத்தியவர்களைவிட, அதற்குப்பின் குத்தியவர்களுக்கே கீலாய்டு அதிகம் வந்திருந்தது. பருவமடையும் வயதில் போட்டுக்கொள்ளும் இரண்டாவது, மூன்றாவது துளைகளைப் பற்றி இதனால் நாம் எச்சரிக்கை கொள்ள வேண்டும்.

குடும்பத்தில் எவருக்கேனும் கீலாய்டு இருந்தாலோ, நமக்கே முன்பு ஒரு தழும்பு அளவு மீறித் தடித்திருந்தாலோ, புதிய துளை எதுவும் வேண்டாம். மூக்கும் வேண்டாம், காதின் மேல்பகுதிக் குருத்தெலும்பில் குத்துவது அறவே வேண்டாம். குத்தியே ஆகவேண்டும் என்றால், தூய்மை செய்த ஊசியால் பயிற்சி பெற்றவரிடம் குத்திக்கொள்ளுங்கள். கடைகளில் உள்ள துப்பாக்கி போன்ற கருவியை ஊசியைப் போல் முற்றிலும் கிருமி நீக்குவது கடினம். புண்ணில் சீழ் பிடித்தால் கீலாய்டு வரும் வாய்ப்பு கூடும். முகப்பருவைக் கிள்ளாதீர்கள்; மார்பிலும் தோளிலும் வரும் பருக்களுக்கு முன்னதாகவே மருத்துவம் செய்யுங்கள். அறுவைச் சிகிச்சை எதுவாயினும், “எனக்குத் தழும்பு தடிக்கும்” என்று முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தையால் அவர் தையலையும் பின்மருத்துவத்தையும் அதற்கேற்ப அமைப்பார்.

முடிவாக

அந்த மாணவியின் பெற்றோரை அழைத்துப் பேசினோம். ஓர் அரசு மருத்துவமனையின் தோல்நோய்ப் பிரிவுக்குச் சென்றார்கள். கட்டியை வெட்டி எடுத்து, மாதம் ஒருமுறையாக ஊசி போட்டார்கள். அழுத்தக் கிளிப்பும் கொடுத்தார்கள். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அவள் அதை அணிந்தாள். முதல் ஊசிகள் வலித்தபோது, “இனி வரமாட்டேன்” என்று அடம்பிடித்ததும் உண்டு. பதறாத காரியம் சிதறாது என்று சொல்லி, அவளுடைய தாயே கைப்பிடித்து அழைத்துச் சென்றார். இன்று அவ்விடத்தில் சற்றே வெளுத்த ஒரு தழும்பு மட்டும் இருக்கிறது. முழுவதும் மறைந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அரிப்பு இல்லை, கட்டி இல்லை. சென்ற ஆண்டு விழாவில் முடியை வாரிக் கொண்டையிட்டு, மல்லிகை சூடி, குழு நடனத்தில் முதல் வரிசையில் ஆடினாள்.

மாணவியரே, இன்னும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். அவள் முடியால் காதை மூடியது கட்டிக்கு அஞ்சியா? இல்லை. வகுப்பில் இருவர் அதற்குச் சூட்டிய பட்டப்பெயருக்கு அஞ்சியே. ஊசியின் வலி சில நிமிடம். அந்தப் பெயரின் வலி இரண்டாண்டு. மருத்துவம் செய்வது டாக்டரின் கையில் இருக்கிறது. அந்த மருத்துவம் முடியும்வரை ஒருத்தி தலைநிமிர்ந்து நடப்பது நம் நாவில் இருக்கிறது. உயிர்த்தெழுந்த ஆண்டவர் தம் கைகளிலும் விலாவிலும் இருந்த காயங்களை மறைக்கவில்லை. தொட்டுப் பார் என்று புனித தோமாவிடம் காட்டினார். மாட்சி பெற்ற அவ்வுடலிலேயே வடுக்கள் இருந்தன என்றால், வடுவைக் கண்டு முகம் சுளிக்க நாம் யார்?

உங்கள் காதிலோ, தோளிலோ இத்தகைய தழும்பு இருந்தால் மறைத்து வைக்காதீர்கள்; பெற்றோரிடமோ, ஆசிரியரிடமோ சொல்லுங்கள். சிறிதாக இருக்கும்போதே மருத்துவரிடம் காட்டுங்கள். அவசரப்பட்டு வெட்டிக்கொள்ளாதீர்கள்; தொடங்கிய சிகிச்சையைப் பாதியில் விடாதீர்கள். பொறுமையோடு நடந்தால் இந்த நண்டின் கொடுக்கும் ஒருநாள் மடங்கும்.